சாமி என்றது யாரை

ராசிபுரம்
22-1-1984

தம்பி வேலுமணிக்கு அக்கா சென்னியம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் எருமைகள் இரண்டும் சுகம். ராய்ச்சூரில் வெயில் எப்படி, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதற்கு முதலில் பதில் எழுது.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் உன் பேருக்குச் சென்னையிலிருந்து ஒரு ரிஜிஸ்தர் தபால் வந்தது. உன் போர்வெல் ரிக் வண்டி எங்கேயோ மோதிக் கோர்ட்டுக் கடிதாசி வந்துவிட்டதாக்கும் என்று பயந்துபோய்ப் பிரித்துவிட்டேன். பிரித்தது தப்புத்தான். படித்தால், நீ எழுதிய நாவலைப் பற்றியாம்! ‘மூன்றாம் கூப்பாடு’ என்று பேராம். பேய்க்கதையாம். முதல் நாவலுக்குப் பரிசு கொடுக்கிற தென்னக நாவல் பேரவை என்று ஒன்று இருக்கிறதாம். இந்த வருசத்துக்குப் பொறுக்கி எடுத்த ஐந்தில் உன்னுடையதும் ஒன்றாம். அடக் கல்லுளிமங்கா! என் தம்பி போர்வெல் வண்டிக்கு மேனேஜர் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், நீ அங்கே உட்கார்ந்து பேய் வளர்த்திருக்கிறாய். “உன்ற தம்பி பாறையத் தொளைக்கறான்னு பாத்தா, பேயத் தோண்டிக்கிட்டிருக்கறானா?” என்று உன் மாமா இரண்டு நாளாகச் சிரிக்கிறார்.

உன் போட்டோவும், உன்னைப் பற்றி நாலு வரியும், கதையின் விதை எங்கிருந்து வந்தது என்று அரைப் பக்கமும் பங்குனிக்குள் அனுப்பச் சொல்கிறார்கள். கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒரு சந்தேகம். மேலே ‘திரு. பொ. வேலுமணி’ என்று போட்டிருக்கிறது. அய்யன் பேர் அர்த்தநாரி, நீ அ. வேலுமணி. அம்மா பொன்னாத்தாளுக்குத்தானே பொ. வரும்? அவர்கள் தப்பா, நீயே போட்டதா?

இன்னொரு சேதி. உன் அய்யன் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விட்டுவிட்டதாம். படுத்த படுக்கையாம். முத்தாயி அத்தைதான் பக்கத்திலிருந்து பார்க்கிறாள். என்னை வரச்சொல்லி ஆள் விட்டிருந்தாள். நான் போகவில்லை. என் கல்யாணப் பந்தலில் நிறுத்திய பேச்சு, இருபத்துநாலு வருசம் ஆகிறது. இனி என்ன பேச்சு?

புத்தகம் ஒன்று அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

வாயை அடக்கத் தெரியாத உன் அக்கா
சென்னியம்மாள்


ராய்ச்சூர்
5-2-1984

அக்காவுக்கு வேலுமணியின் வணக்கம். நான் சுகம். வெயில் இப்போதே காய்கிறது. சாப்பாடு இருக்கிறது. மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

நாவல் எழுதினதைச் சொல்லாதது தப்பு. சொல்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. பாறை இறுகலாக இருந்தால் ஒரு போர்வெல்லுக்கு இரண்டு நாள் ஆகும். கம்ப்ரசர் ஓடுகிறபோது யாரும் யாரோடும் பேச முடியாது. அந்த நேரத்தில் எழுதினது. சேலத்தில் ஒரு சின்னப் பதிப்பகம் போட்டார்கள். நிலையான விலாசம் கேட்டார்கள், எனக்கு இல்லை, உங்கள் விலாசத்தைக் கொடுத்தேன்.

பரிசுப் பட்டியலில் இருக்கிறது என்று படித்ததும் மனசுக்குள் என்னமோ ஆகும் என்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கேசிங் பைப் இறக்கப் போய்விட்டேன்.

புத்தகம் வேண்டாம் அக்கா. உங்களுக்குப் பேய்க்கதை பிடிக்காது.

அய்யனை ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். நான் வரலாம், ஆனால் இரண்டு வண்டி இங்கே நிற்கிறது. நான் வந்து பார்ப்பதைவிட நீங்கள் போய்ப் பார்ப்பதுதான் அவருக்கு வேண்டியது. உங்களைத்தான் கேட்பார்.

வேறு விசேசம் இல்லை.

வேலுமணி


ராசிபுரம்
26-2-1984

தம்பிக்கு அக்காவின் ஆசி. எல்லோரும் சுகம். கறவை எருமைக்கு மட்டும் காம்பில் வெடிப்பு, வெண்ணெய் போட்டு வருகிறேன்.

வேண்டாம் என்று நீ சொன்னதும்தான் எனக்கு வேண்டும் என்று தோன்றிற்று. உன் மாமா சேலம் போனவர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கி வந்துவிட்டார். அட்டையில் ஒரு கிணறு, அதிலிருந்து ஒரு கை. அந்தக் கையில் ஏழு விரல் இருக்கிறது, படம் போட்டவனுக்கு எண்ணத் தெரியாது போல. பக்கத்து வீட்டுச் சௌந்திரத்துக்குப் படிக்கத் தெரியாது. அவளை உட்கார வைத்து எருமைக்குத் தீவனம் வைத்த பிறகு தினம் பத்துப் பக்கம் படிக்கிறேன். உச்சிப்பொழுதில் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல் ‘சாமி’ என்று மூன்று தடவை கூப்பிடுகிறது. கேட்டும் பதில் சொல்லாதவனுக்கு நாக்கு வற்றிப்போகிறது. ஊரே ஒவ்வொருத்தராக ஊமையாகிறது. சௌந்திரம் இப்போது யார் கூப்பிட்டாலும் “ஏனுங், ஏனுங்” என்று வீதியெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு போகிறாள். கோழி கூவினால்கூடச் சொல்கிறாள்!

பரிசுக்காரர்கள் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்த ஒரு வரியை இப்போது நினைத்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ‘ஆழத்தில் கிடக்கும் ஆவி சாமி என்று கடவுளை அழைக்கிறது. கடவுள் வருவதில்லை. இறைவனின் மௌனமே இந்நாவலின் உண்மையான பேய்’ என்கிறார்கள். கடவுளாமே! நம் பக்கத்து ஆள் ஒருத்தனும் அந்தக் குழுவில் இல்லை. பெத்த பிள்ளையை, பேரப்பிள்ளையை, பெரியவர்களை, எல்லோரையும் நாம் சாமி என்றுதானே கூப்பிடுகிறோம்? “சோறுங்க வா சாமி” என்று சாப்பிடக் கூப்பிட்டால் பழனியாண்டவரா வருவார்? அம்மா உன்னை அப்படித்தான் கூப்பிடும். அம்மா போன பிறகு கொஞ்ச நாளில் உனக்கு என்ன வந்ததோ, யார் சாமி என்றாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். அத்தையை ஒரு தடவை கடித்தே வைத்தாய்.

அய்யனைப் போய்ப் பார் என்கிறாய். உனக்கு அப்போது எட்டு வயசு, எனக்குப் பதின்மூன்று. அந்த ஆடி வெள்ளிக்கிழமை காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ரசத்தில் உப்பு இல்லை என்பதற்காக அந்த மனுசன் தட்டத்தை வீசி, “செத்துத் தொலையேன்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் காதிலும் விழுந்தது. சாயந்திரம் நான் வந்தபோது அம்மாவைக் கிணற்றிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். சொன்ன சொல்லுக்குக் குதித்துவிட்டாள் என்று ஊரே சொல்லிற்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த மனுசன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கிணற்றில் குதித்தவள் மகளை எவன் கட்டுவான்? பதினாறு வயசில் ரெண்டாந்தாரமாக இங்கே வந்தேன். உன் மாமா நல்லவர், அது என் அதிர்ஷ்டம். அதற்காக அவரை மன்னிக்க முடியாது.

பாதிதான் படித்திருக்கிறேன். மீதியையும் படித்துவிட்டு மார்க்குப் போடுகிறேன்.

சென்னியம்மாள்


ராசிபுரம்
3-3-1984

தம்பிக்கு,

சுகம். நேற்று முடித்தேன். கடைசி நாற்பது பக்கத்தைச் சௌந்திரத்துக்குப் படித்துக்காட்டவில்லை. எனக்குள்ளேயே படித்தேன்.

112-ஆம் பக்கம். கிணற்று மேட்டில் கன்னிமார் கல் ஏழு. கதையில் அந்தப் பையன் போய்ப் பார்க்கிறபோது ஏழில் நாலு கல் கழுவி ஈரமாக இருக்கிறது. மூன்று காய்ந்து கிடக்கிறது. கூடையில் அரளிப்பூ அப்படியே இருக்கிறது. நீ எழுதியிருப்பது நம் கிணறு. நம் கன்னிமார். அம்மா வெள்ளி தவறாமல் கழுவிப் பூ வைக்குமே, அந்தக் கல்.

நான் சாயந்திரம் வந்தபோது ஏழும் காய்ந்திருந்தது. யாரும் ஈரத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

சாகப் போகிறவள் நாலு கல்லைக் கழுவிவிட்டு மூன்றை விட்டுவிட்டா போவாள்? குடத்துத் தண்ணீர் தீர்ந்து, மீதி மூன்றுக்கு மொள்ளத்தான் படியில் இறங்கியிருப்பாள். அப்படியானால் குதிக்கவில்லை. வழுக்கித்தான் விழுந்திருக்கிறாள்.

அந்த நாலு கல்லை நீ கதைக்காகக் கட்டினாயா, கண்ணால் பார்த்தாயா? இதை மட்டும் எழுது.

சென்னி


ராய்ச்சூர்
15-3-1984

அக்காவுக்கு வணக்கம். நான் சுகம். எருமைக் காம்புக்கு மஞ்சளும் சேர்த்துப் போடவும்.

இங்கே இருநூற்றுப் பத்தடியில் ராடு சிக்கிக்கொண்டது. நாலு நாளாக எடுக்கப் பார்க்கிறோம், வரவில்லை. விட்டுவிட்டு வேறு இடத்தில் போடலாம் என்கிறார் தோட்டக்காரர். பாறை துளைக்கிற பிட்டு உள்ளேயே போனால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பேரவைக்கு எழுதிவிட்டேன். கதையின் விதை என்ன என்ற கேள்விக்கு ‘முழுவதும் கற்பனை’ என்று ஒரு வரி எழுதினேன். போட்டோ இல்லை, லைசென்ஸில் இருந்ததைக் கிழித்து அனுப்பினேன்.

மாமா சுகமா? வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லவும்.

வேலுமணி


ராசிபுரம்
24-3-1984

வேலுமணிக்கு,

எங்கள் சுகத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. நான் கேட்டது என்ன, நீ எழுதியிருப்பது என்ன? ராடு சிக்கினது எனக்கு எதற்கு? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள், உன்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

முத்தாயி அத்தை நேற்று பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டாள். உன் அய்யன் கஞ்சி குடிப்பதை நிறுத்தி ஐந்து நாள் ஆகிறதாம். முதுகில் புண் வந்துவிட்டதாம். “சண்டையெல்லாம் கட்டையில போறப்பக் கொண்டுக்கிட்டா போறோம்? ஒருக்கா வந்து மூஞ்சியக் காட்டிப்போட்டுப் போ சாமி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். சொல்லும்போது பழைய கோபம் வரவில்லை, நாக்குத்தான் பழக்கத்தில் சொல்லிற்று.

நன்றாகக் கேட்டுக்கொள். அம்மா குதித்தது என்றால் நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன், அந்த மனுசன் போன பிறகும் மிதிக்க மாட்டேன். வழுக்கி விழுந்தது என்றால் நான் இருபத்துநாலு வருசம் ஒரு தப்பும் செய்யாத ஆளோடு பேசாமல் இருந்திருக்கிறேன். அவர் மூச்சு நிற்பதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். இரண்டில் எது என்று தெரிந்தவன் நீ ஒருத்தன்தான்.

பார்த்தாயா, இல்லையா? ஒரு வார்த்தை.

சென்னியம்மாள்


(தபால் கார்டு)
ராசிபுரம்
30-4-1984

தம்பிக்கு. சுகம். ஐந்து வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. பரிசு விழா மே 27 ஞாயிறு, சென்னையில். ஐந்து பேரும் வர வேண்டுமாம், பேர் மேடையில்தான் சொல்வார்களாம். நான் கேட்டதைக் கார்டில் மறுபடி எழுத முடியாது, போஸ்ட்மேன் படிப்பார். கஞ்சி இரண்டு நாள் குடித்தார், மறுபடி இல்லை.

செ.


ராய்ச்சூர்
9-5-1984

அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் கேட்டதற்குப் பதில். பார்த்தேன்.

நான் வெள்வேலான் மரத்தடியில் இருந்தேன். அன்றைக்கு வாந்திபேதி என்று பள்ளிக்கூடம் போகவில்லை. தீப்பெட்டியில் ஒரு பொன்வண்டு வைத்திருந்தேன், அதற்குக் கொழுந்து பறித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கிணற்று மேட்டுக்குக் குடமும் பூக்கூடையும் கொண்டு போனதைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “சாமி” என்று கேட்டது. வெள்ளிக்கிழமை. கன்னிமாரைக் கழுவும்போது அம்மா “சாமி, எம்பட சாமி” என்று சொல்லிக்கொண்டேதான் கழுவும். கும்பிடுகிறது என்று இருந்துவிட்டேன். மறுபடி “சாமி” என்றது. மூன்றாவது தடவை இழுத்துச் சொல்லிற்று. அன்றைக்கு ரொம்ப வேண்டிக்கொள்கிறது என்று நினைத்தேன். அப்புறம் சத்தம் இல்லை.

வண்டு ஒரு முட்டை வைத்தது. அதை அம்மாவிடம் காட்டப் போனேன். நாலு கல் ஈரம், மூன்று காய்ந்து கிடந்தது, பூ கூடையில் இருந்தது. அம்மா இல்லை. வீட்டுக்குப் போயிருக்கும் என்று மரத்தடிக்குத் திரும்பிவிட்டேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து பத்தடிதான்.

யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. அம்மா சாமி கும்பிட்டுவிட்டுக் குதித்தது என்றுதான் நினைத்திருந்தேன். பத்து வயசில் ஒருநாள் காட்டில் விளையாடிக்கொண்டிருந்தபோது அத்தை தூரத்திலிருந்து, “சாமி, சோறுங்க வா சாமீ” என்று என்னைக் கூப்பிட்டாள். அம்மா இழுத்த மாதிரியே கடைசியை இழுத்தாள். அப்போதுதான் தெரிந்தது. அம்மா கன்னிமாரைக் கூப்பிடவில்லை. அத்தை பக்கத்தில் வந்து மறுபடி சாமி என்று தொட்டாள், கடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சொல்லியிருக்கலாம். நீங்கள் கல்யாணத்துக்கு அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்கலாம், எனக்குப் பதினொன்று. அய்யனைக் கொலைகாரன் என்று நீங்கள் சொன்னபோதும் சொல்லியிருக்கலாம். அவர் குற்றவாளி இல்லை என்றால் யார் என்று கேட்பீர்கள். அதனால் சொல்லவில்லை.

எழுதினால் குறையும் என்று எழுதினேன். குறையவில்லை. அச்சில் பேர் போடும்போது அ. என்று போடக் கை வரவில்லை. அவர் பேரை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அம்மா பேருக்கும் இல்லை, ஆனாலும் ஒன்று போட வேண்டியிருந்தது.

அழுகை வரும் என்று இதை எழுதும்போது பார்த்தேன். வரவில்லை. பல் பிடுங்குகிறவர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யார் கன்னமோ போல இருக்கும், அப்படி இருக்கிறது.

அய்யனிடம் போங்கள் அக்கா. அம்மா குதிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள்.

வேலுமணி


ராசிபுரம்
19-5-1984

சாமி வேலுமணிக்கு அக்கா எழுதுவது. இந்தத் தடவை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு என்னால் எழுத முடியாது. உன் கடிதத்தைப் படித்ததும் உன் மேல் ஆத்திரமாக வந்தது. நீ பதினொரு வயசில் வாயைத் திறந்திருந்தால் என் வாழ்க்கையே வேறு. இரண்டு நாள் அப்படியே இருந்தேன். மூன்றாம் நாள், எட்டு வயசுப் பையன் எதைக் கண்டான் என்று தோன்றிற்று. ஆத்திரம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். குறைந்திருக்கிறது.

நேற்று வெள்ளிக்கிழமை போனேன். நம் அய்யன் கட்டிலில் ஒரு கைப்பிடி ஆளாகக் கிடந்தார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “ஆரு?” என்றார். “நாந்தானுங்க, சென்னி” என்றேன். “வந்துட்டியா சாமி” என்றார். இருபத்துநாலு வருசத்துக்கு அவ்வளவுதான் கேட்டார்.

உட்கார்ந்து, நேராகவே சொல்லிவிட்டேன். “அம்மா குதிக்கலீங்க அய்யா. வழுக்கித்தான் உழுந்திருக்குது. கூப்புட்டிருக்குது. வேலுமணி கேட்டிருக்கறான். சாமி கும்புடுதாக்கும்னு இருந்துபோட்டான்.”

 அவர் விட்டத்தைப் பார்த்தபடியே சொன்னார், “எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியுமுங்க?”

“குதிக்கலேன்னு. எனக்கும் கேட்டுச்சு. மூணு வாட்டி.”

 அத்தை கதவோரம் நின்றுகொண்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அய்யன் நிறுத்தி நிறுத்திச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கடலக்காட்டுல களை வெட்டிக்கிட்டிருந்தேன். சாமீன்னா. பையனச் சோத்துக்குக் கூப்புடறான்னு இருந்துட்டேன். காத்தாலதான் வாயில வந்ததெல்லாம் பேசியிருந்தேன், எம்பட பக்கம் எதுக்குக் கூப்புடப் போறா? பசியெடுத்து நான் ஏறி வந்தப்பப் பையன் மரத்தடியில தீப்பெட்டியோட உக்காந்திருந்தான். அம்மா எங்கடான்னேன். ‘சாமி கும்புடுதுங்கய்யா’ன்னான். சோத்துக்குக் கூப்புட்டதில்லேன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. ஓடுனேன். போய் என்ன பண்ண?”

“அத ஏனுங்க ஊருல ஒருத்தர்கிட்டயும் சொல்லல? உங்களக் கொலகாரன்னு சொன்னாங்களே? நானே சொன்னேனே?”

“சொன்னா? பெத்தவ கூப்புட்டா, பையன் கேட்டுக்கிட்டுக் குந்தியிருந்தான்னு பேசுவாங்க. எட்டு வயசுப் புள்ள தலையில அத வெக்கறதா? செத்துத் தொலைன்னு சொன்னவன் நாந்தான, எந்தலையிலயே இருந்துட்டுப் போவுதுன்னு உட்டுட்டேன். அவனுக்கு வெவரம் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எப்பத் தெரிஞ்சுச்சு அவனுக்கு?”

“பத்து வயசுலயேங்க” என்றேன்.

 அவர் கண்ணோரத்தில் தண்ணீர் காதுவரைக்கும் இறங்கிற்று, துடைத்துக்கொள்ளக் கை தூக்க முடியவில்லை. நான் துடைத்தேன். அவருக்குத் தெரிந்ததை நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்று அவரும், உனக்குத் தெரிந்ததை அவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நீயும், ஒரே வீட்டில் சோறு தின்றிருக்கிறீர்கள். நடுவில் நான் ஒருத்தி ஒன்றும் தெரியாமல் கோபித்துக்கொண்டு போய்விட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. அத்தை என் பங்குக்கும் சேர்த்து அழுதாள்.

கஞ்சி கரைத்துக் கொடுத்தேன். அரை டம்ளர் குடித்தார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரோடு கிணற்று மேட்டுக்குப் போனேன். கிணறு வறண்டு பாறை தெரிகிறது. கன்னிமார் கல் ஏழும் புழுதி மூடிக் கிடந்தது. நாலு கல்லைத் தொடவில்லை, அது அம்மா கழுவியது. மீதி மூன்றுக்கும் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தேன்.

புறப்படும்போது அய்யன் என் விரலைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். “பையங்கிட்டச் சொல்லு. நான் கூப்புடறேன்னு சொல்லு.” இரண்டு தடவை சொன்னார்.

சொல்லிவிட்டேன். இனி உன் பாடு.

அக்கா
சென்னியம்மாள்


ராய்ச்சூர்
24-5-1984

அக்காவுக்கு,

கடிதம் இன்று காலையில் வந்தது. வண்டிக்குப் பக்கத்தில் நின்று பிரித்தேன். முதல் வரியில் சாமி என்று இருந்தது. படித்ததும் என் வாய் தானாக “ஏனுங்” என்றது. கம்ப்ரசர் நின்றிருந்த நேரம், சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. பிறகு அங்கேயே அடுக்கி வைத்த ராடுகள் மேல் உட்கார்ந்து அழுதேன். ரொம்ப நேரம் ஆயிற்று போல, டிரைவர் வெல்லம் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பேரவைக்கு விழாவுக்கு வரவில்லை என்று தந்தி கொடுத்துவிட்டேன். கற்பனை என்று எழுதின ஒரு வரியைத் தள்ளிவிட்டு வேறு எழுதி அனுப்பியிருக்கிறேன்: ‘சாமி என்பது கடவுள் அல்ல. எங்கள் ஊரில் அம்மா பிள்ளையைக் கூப்பிடுகிற சொல். அந்தப் பிள்ளை நான். என் பேர் அ. வேலுமணி.’ பரிசு யாருக்கு என்று உங்கள் விலாசத்துக்குத்தான் தபால் வரும். நீங்களே பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முந்தி நான் வந்து சேர்ந்தாலும் சேருவேன். அய்யனிடம் யாராவது போய்ச் சொல்லுங்கள். இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். மூன்றாவது தடவை கூப்பிட வேண்டாம், வாரேன் என்று சொல்லுங்கள்.

அ. வேலுமணி